பேராச்சி வாய் தொறந்த கல்யாணம்

வாய மூடிக்கிட்டு இரிங்க, சொல்லுதேன். நடுவுல எவனாச்சும் ‘அப்புறம், அப்புறம்’னு தொணதொணத்தா எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா. மாமியாக்காரி எதுக்கு மணவடை முன்னால உக்காந்து, கண்ண மூடி, வாயத் தொறக்கான்னுதான கேட்டிய? பொண்ணு வீட்டுக்காரவ வருசத்துக்கு ஒருத்தர் கேக்கத்தான் செய்யுதிய. எனக்கும் சொல்லிச் சொல்லித் தொண்ட காயுது. சரி, கேளுங்க.

ரொம்ப முன்னால. இந்த மஞ்சணத்திக்குளத்துக்கு ரோடு இல்லாம, குளத்துக்கர மேல வண்டித்தடம் மட்டும் கெடந்த காலத்துல, பேராச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் இல்ல. ரெண்டு ஆம்பளப் பயலுவ. மூத்தவன் சுடலையாண்டி, எளையவன் சொரிமுத்து. ரெண்டு பேரையும் தனி ஆளா நின்னு வளத்தாளாம். வளத்தா, சும்மா சொல்லக்கூடாது, கண்ணு மாதிரி வளத்தா.

ஆனா ஒரு கொணம். யாரையும் நம்ப மாட்டா. பால்காரன் பால ஊத்துனா மோந்து பாப்பா. பக்கத்து வீட்டுக்காரி பணியாரம் குடுத்தா கோழிக்குப் போட்டுட்டு, கோழி என்ன செய்யுதுன்னு பாத்துக்கிட்டே இருப்பா. கோழி நல்லாத்தான் இருக்கும். பேராச்சிக்குத்தான் பணியாரம் கெடைக்காது.

மூத்தவனுக்குக் கல்யாணம் ஆச்சு. ஆயி கொஞ்ச நாள்ல அவன் பொண்டாட்டி ஊருக்குப் போனான். போனவன் போனவன்தான், திரும்பல. பேராச்சி ஊரெல்லாம் சொன்னா: “எம் பிள்ளைக்கு வசிய மருந்து வச்சிட்டாவ. பாயாசத்துல கலந்து குடுத்துட்டாவ. இல்லன்னா பெத்தவள விட்டுட்டு ஒருத்தன் போவானா?” ஊரும், ஆமா தாயி, ஆமா தாயின்னு தலைய ஆட்டுச்சு. ஊருக்கு வேற ஒண்ணு தெரியும். அதப் பொறவு சொல்லுதேன்.

இப்போ எளையவனுக்குக் கல்யாணம். பேராச்சிக்கு மடியில இருக்கது அந்த ஒத்தப் பிள்ளதான். அவனும் போயிட்டா அவளுக்கு யாரு இருக்கா? சுனைப்பட்டியில பொண்ணு பாத்தாவ. மாடத்தின்னு பேரு. தாயில்லாத பிள்ள. ‘தாய்க்காரி இல்லைன்னா மருந்து வைக்கச் சொல்லிக் குடுக்க ஆளு இருக்காது’ன்னு பேராச்சி மனசுக்குள்ள கணக்குப் போட்டுத்தான் சம்மதிச்சாளாம். எப்படிப்பட்ட புத்தி பாத்தியளா!

சம்மதிச்சதும் ஒரு சட்டம் போட்டா. கல்யாணம் எங்க ஊர்லதான். சமையல் எங்க ஆளு. தண்ணி எங்க கெணத்துத் தண்ணி. பொண்ணு வீட்டுலருந்து ஒரு கடுகு கூட எங்க அடுப்படிக்குள்ள வரக்கூடாது. பொண்ணோட அப்பன் பிச்சாண்டி நல்ல மனுசன். “ஆகட்டும் சம்மந்தி”ன்னுட்டாரு.

கல்யாணத்தன்னைக்கு வெடிய, சுனைப்பட்டி வண்டிக குளத்துக்கர மேல வருது. பேராச்சி ஆரத்தித் தட்டோட வாசல்ல நிக்கா. முத வண்டியிலருந்து பொண்ணு எறங்குது. எறங்கும்போது கையில ஒரு கலயம். கலயத்து வாய மஞ்சத் துணியால வேடு கட்டியிருக்கு. பொண்ணு ரெண்டு கையாலயும் அதப் புடிச்சிருக்கு.

பேராச்சிக்கு ஆரத்தி மறந்து போச்சு. கண்ணு கலயத்துலயே நிக்கு.

“குடு தாயி, உள்ள வைக்கேன்”ன்னா, தேன் ஒழுக.

“வேண்டாம் அத்தை. எங் கையிலயே இருக்கட்டும்.”

“என்ன தாயி அதுல?”

“எலைக்கு வைக்கதுக்கு, அத்தை.”

எலைக்கு வைக்கதுக்கு! ஒரு கடுகு வரக்கூடாதுன்னா கலயத்தோட வருதாளே!

அடுத்து, பாலும் பழமும் கொண்டு போனாவ. எங்க ஊர்ல பொண்ணுக்குக் காலையிலயே குடுத்துருவோம், இப்பவும் குடுக்கோம். அந்தப் பிள்ள தொடல. “தாலி ஏறுத வரைக்கும் எங்க ஊர்ல பொண்ணு பச்சத்தண்ணி குடிக்காது அத்தை”ன்னு சொல்லிருச்சு. சுனைப்பட்டி வழக்கம் அது. பேராச்சி நம்புவாளா? நாத்தனாக்காரி வள்ளிமயில ஓரமா இழுத்தா.

“பாத்தியாட்டி வள்ளி? நம்ம பாலத் தொட மாட்டேங்கா. ஏன் தெரியுமா?”

“ஏன் மைனி?”

“மருந்து வைக்கத் தெரிஞ்சவதான் அடுத்தவ பாலுக்குப் பயப்படுவா.”

வள்ளிமயிலுக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுத மாதிரி. “ஆமா மைனி, எனக்கும் அப்பவே பட்டுச்சு”ன்னா. அப்பவும் பட்டிருக்காது, இப்பவும் பட்டிருக்காது, சவத்துக்கு. “போ, கதவு இடுக்கு வழியாப் பாரு, என்ன செய்யுதான்னு வந்து சொல்லு”ன்னு பேராச்சி அனுப்புனா.

போனவ வந்தா. மூச்சு வாங்குது.

“மைனி! கலயத்தத் தொறந்துட்டா. உள்ள கறுப்பா என்னமோ இருக்கு. வாழ எலையில வச்சுத் துண்டு துண்டா நறுக்குதா.”

“கறுப்பாவா?”

“கன்னங்கரேல்னு இருக்கு மைனி. நறுக்கும்போது வாய் முணுமுணுங்குது, கண்ணுல தண்ணி ஊத்துது.”

“அழுதாளா, மந்திரம் சொல்லுதாளா?”

“ரெண்டும் மாதிரிதான் இருக்கு. இன்னொண்ணு மைனி… பெரிய துண்டா ஒண்ணத் தனியா எடுத்து வச்சிட்டு, ‘இது அவுகளுக்கு’ன்னு தோழிக்காரிகிட்ட சொல்லுதா.”

அவ்வளவுதான்!

மணவடையில சொரிமுத்து உக்காந்தாச்சு. பொண்ணக் கூட்டியாந்து உக்கார வச்சாச்சு. தாலி ஊர்ப் பெரியவங்க கைக்குப் போயி, ஆசீர்வாதம் வாங்கிக்கிட்டுத் தட்டுல வருது. நாயனக்காரரு கன்னத்த உப்பிட்டாரு. அப்போ பந்தலுக்கு நடுவுல வந்து நின்னா பேராச்சி.

“நிறுத்துங்கவே மேளத்த!”

நின்னுச்சு.

“இந்தப் பொண்ணு மருந்து கொண்டாந்திருக்கா. எம் பிள்ளைக்கு வைக்கதுக்குப் பெரிய துண்டா எடுத்து வச்சிருக்கா. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க!”

கூட்டம் ஓன்னு எரைஞ்சுது. தோழிப்பொண்ணு கையிலருந்து அந்த எலைய வள்ளிமயிலு புடுங்கிக் கொண்டாந்து நடுவுல வச்சா. கறுத்த துண்டு, கறுத்த துண்டா கெடக்கு. முன்னால உக்காந்திருந்தவனெல்லாம் பின்னால நகந்தான். வீரனுக்குப் பொறந்தவனுங்க!

பிச்சாண்டி எந்திரிச்சு வந்தாரு. மேல்துண்ட எடுத்துக் கையில புடிச்சுக்கிட்டு சொன்னாராம்: “சம்மந்தி, அது உப்பு நார்த்தங்கா. எங்க வீட்டுப் பொறவாசல்ல காச்சது. எம் பொண்டாட்டி முப்பிடாதி, இந்தப் பிள்ள சடங்கான வருசம் படுத்துட்டா. இனி எந்திரிக்க மாட்டோம்னு அவளுக்குத் தெரியும். படுத்தபடியே இத அரிஞ்சு, உப்புல போட்டு, காய வச்சா. ‘எம் மக கல்யாணத்துல நான் நின்னு பரிமாற முடியாது. எல்லாத்து எலையிலயும் எங் கை பட்டது ஒண்ணாவது இருக்கட்டும்’னா. வருசம் ஆனதுல கறுத்துப் போச்சு, அவ்வளவுதான் சம்மந்தி.”

பொம்பளையளுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. பேராச்சிக்கு நெறையல.

“கத நல்லாத்தான் இருக்கு. அப்போ ஒம் மகளத் திங்கச் சொல்லும்.”

எல்லாரும் மாடத்தியப் பாத்தாவ. மாடத்தி தலையக் குனிஞ்சுக்கிட்டா. “தாலி ஏறுன பொறவு திங்கேன் அத்தை. வெரதம்.”

“பாத்தியளா! பாத்தியளா!”ன்னு பேராச்சி கையத் தட்டுனா. “நல்லதுன்னா திங்க வேண்டியதுதான?”

“நான் திங்கேன் சம்மந்தி”ன்னாரு பிச்சாண்டி.

“நீரு திம்பீரு. மாத்து மருந்து குடிச்சிட்டு வந்திருப்பீரு.”

அதுக்கு மேல அந்த மனுசன் என்னத்தச் சொல்லுவாரு? சுனைப்பட்டிக்காரவ வண்டியப் பூட்டுங்கலேன்னு எந்திரிச்சிட்டாவ. தாலி தட்டுலயே கெடக்கு. ஒரு பொண்ணு மணவடை வரைக்கும் வந்துட்டு இந்தப் பழியோட திரும்புனா, அதுக்கப்புறம் அந்தப் பிள்ளைய எவன் கட்டுவான்? மாடத்தி அழக்கூட இல்லையாம்.

அப்போ சொரிமுத்து எந்திரிச்சான். “நிறுத்துங்க. எனக்குன்னு வச்சதுதான? நான் திங்கேன்”ன்னு அந்தப் பெரிய துண்டுக்குக் கைய நீட்டுனான்.

பேராச்சி பாஞ்சா. பிள்ள கையிலருந்து அதப் புடுங்குனா. “ஒருத்தனத்தான் குடுத்துட்டு நிக்கேன். ஒன்னயும் குடுக்க மாட்டேம்ல! மயங்குனா நான் மயங்கிட்டுப் போறேன்!” டபக்குன்னு அவ வாயில போட்டுக்கிட்டா.

பேராச்சி மெல்லுதா. உப்பு, புளிப்பு, கசப்பு. மெல்லுதா, மெல்லுதா, கண்ணு ரெண்டும் இங்கயும் அங்கயும் உருளுது. முழுங்குனா. முழுங்கிட்டு, சம்மணம் போட்டுக் கீழ உக்காந்தா, மருந்து எங்க வேலை செய்யுதுன்னு பாக்க.

வள்ளிமயிலு மெள்ளக் கிட்ட வந்தா. “மைனி, தல சுத்துதா?”

“இல்ல.”

“நெஞ்சு படபடங்குதா?”

“இல்லட்டி.”

“அந்தப் பிள்ளையப் பாத்தாப் பாசமா வருதா?”

“ச்சீ, போட்டி அங்கிட்டு!”

கூட்டம் சிரிச்சுருச்சு. நாயனக்காரரு கூடச் சிரிச்சாராம். பேராச்சி மட்டும் சிரிக்கல. அவ மொகத்துல ஒரு பயம் வந்துச்சாம், பாருங்க, அதுவரைக்கும் யாரும் அப்படி ஒரு பயத்த அவகிட்டப் பாத்ததில்ல.

“அப்போ… மருந்துன்னு ஒண்ணும் இல்லையா?”ன்னு கேட்டா.

கூட்டத்துல ஒவ்வொரு மொகமாப் பாத்தா.

“அப்போ எம் மூத்தவன் எதுக்குப் போனான்?”

சிரிச்சவனெல்லாம் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டான். ஏன்னா ஊருக்குத் தெரியும். சொல்லுதேன்னேன்லா, இதுதான். மூத்த மருமக எத ஆக்குனாலும், ‘மொதல்ல நீ தின்னு காட்டு’ன்னு பேராச்சி நிப்பா. காலையிலயும் அப்படி, சாயங்காலமும் அப்படி. ஒருநா அந்தப் பிள்ள நல்ல காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சுக் கொழம்பு வச்சுச்சு. வாய் கசக்குது, திங்க முடியல. ‘தின்ன மாட்டேங்கா, என்னமோ போட்டிருக்கா’ன்னு பேராச்சி சட்டியோட தெருவுல ஊத்துனா. சுடலையாண்டி பாத்துக்கிட்டே நின்னான். மறுநா பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். இவ்வளவுதான் நடந்தது. இத அவகிட்டச் சொல்ல ஊர்ல ஒருத்தருக்கும் துணிச்சல் இல்ல. மருந்துன்னே இருக்கட்டும்னு விட்டுட்டாவ.

இப்பவும் யாரும் சொல்லல. சொல்லணும்னே இல்லாமப் போச்சு. பேராச்சி அந்தக் கறுத்த துண்டுகளப் பாத்துக்கிட்டே இருந்தா. இருந்து இருந்து, “நாந்தான் வெரட்டியிருக்கேன்”ன்னா. மெதுவாத்தான் சொன்னா. பந்தலுக்கே கேட்டுச்சு.

மாடத்தி மணவடைய விட்டு எறங்குனா. தாலி ஏறாம பொண்ணு எறங்கக் கூடாதும்பாவ. எறங்குனா. பேராச்சி முன்னால வந்து உக்காந்து, எலையத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா.

“அத்தை, இன்னும் இருக்கு. மூத்த அத்தானுக்கும் அக்காவுக்கும் ரெண்டு துண்டு எடுத்து வைக்கட்டா?”

அவ்வளவு பேச்சு வாங்குன பிள்ள கேக்குது! பேராச்சி வெடிச்சு அழுதாளாம். மாமியா அழுக, மருமக அழுக, சுனைப்பட்டிக்காரவ அழுக. மாட்ட அவுத்து விடுங்கலேன்னு பிச்சாண்டிதான் மொதல்ல சுதாரிச்சிருக்காரு. தாலி ஏறுச்சு. பந்தியில எல்லாத்து எலையிலயும் முப்பிடாதியோட நார்த்தங்கா விழுந்துச்சு.

மறுநா பேராச்சி அந்த ரெண்டு துண்டையும் வாழச்சருகுல மடிச்சு எடுத்துக்கிட்டு, மூத்தவன் இருந்த ஊருக்குத் தனியா நடந்தே போனா. சுடலையாண்டி வாசல்ல நின்னவளப் பாத்துட்டுப் பேசாம உள்ள போயிட்டான்னு சொல்லுதாவ. மூத்த மருமகதான் வெளிய வந்தா. மாமியா நடந்து வந்த களைப்பப் பாத்துட்டு, ஒரு கும்பாவுல கஞ்சி கொண்டாந்து முன்னால வச்சா. வச்சிட்டு, பழைய வழக்கத்துல, தானே கரண்டிய எடுத்து மொதல்ல ஒரு வாய் குடிச்சுக் காட்டப் போனா.

பேராச்சி அவ கையப் புடிச்சுக்கிட்டா. புடிச்சுக்கிட்டு, “நீ குடிக்காத தாயி. நீயே எனக்கு ஊட்டு”ன்னு, கண்ண மூடி வாயத் தொறந்தாளாம்.

அன்னையிலருந்துதான் இந்த ஊர்ல இது. பொண்ணு தன் வீட்டுலருந்து மூடுன கலயத்துல ஏதாவது ஒண்ணு கொண்டு வரணும். நார்த்தங்கான்னு கட்டாயம் இல்ல. அவ அம்மா கைப்பட்டது, அவளுக்குப் புடிச்சது, எதுவும் கொண்டு வரலாம். ஒருத்தி மாவடு கொண்டாந்தா. ஒருத்தி அவ அப்பன் கடையில போட்ட காராச்சேவு கொண்டாந்தா. போன தையில ஒருத்தி மெட்ராசுலருந்து ஐசுக்கிரீமு கொண்டாந்து, கலயத்துக்குள்ளயே உருகி ஓடிருச்சு. அதையும் மாமியாக்காரி குடிச்சா. தாலிக்கு முன்னால, சபை பாக்க, மாமியா கண்ண மூடி வாயத் தொறக்கணும். பொண்ணு ஊட்டணும். வாய்தொறப்புன்னு பேரு. என்னன்னு கேக்கக்கூடாது, மோந்து பாக்கக்கூடாது. கேட்டா மேளம் நின்னுரும், தாலி ஏறாது.

அங்க பாருங்க, இன்னைக்கு மாமியாக்காரி கண்ணு இமை எப்படித் துடிக்குதுன்னு. லேசாத் தொறந்து பாக்கணும்னு இருக்கும், பாவம். கேக்கணும்னு தோணாம இந்த ஊர்ல ஒருத்தியும் வாயத் தொறந்தது கெடையாது. இதுவரைக்கும் கேட்டவளும் கெடையாது.