குழலில் வந்த குரல்

விளக்கு வைக்கிற நேரம். குலசேகரத்திலிருந்து தக்கலைக்கு வரும் ரோடு. வலப்பக்கம் ரப்பர்த் தோட்டம். இடப்பக்கம் சானல் என்கிற பாசனக் கால்வாய், கரை தொட்டுத் தண்ணீர்... நல்ல மழை. ரோட்டில் ஈ காக்கை இல்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் கூட்டாளி குமாரதாஸின் தாய்மாமன் ரசலையனுக்கு நடந்தது இது. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலோ, முப்பத்தைந்தோ.

ரசலையன் ஒரு தோட்ட முதலாளி வீட்டில் கார் ஓட்டினார். பெரிய கார். டிரைவருக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. பின்னால் இருப்பவர்கள் பேசுவதற்கு ஒரு ரப்பர்க் குழல். அதன் பித்தளை வாய் டிரைவரின் இடது காதருகே தொங்கும்.

"ஓடுற வண்டியில வளையத்த விட்டு கைய எடுக்கப்பிடாது. கொழலு கேக்கலியா, நிறுத்திட்டுக் கேளு" என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் வளையம் என்றுதான் பேர்.

அன்று முதலாளி ஊரில் இல்லை. அவர் மகள் சத்தியபாய்க்குத் தலைப்பிரசவம். வலி கண்டு ஒரு பகல் முழுக்கப் பிள்ளை வரவில்லை. பின்சீட்டில் தாய் நேசம்மாள் அவளை மடியில் தாங்கியிருந்தார். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

கலுங்குப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. ரசலையன் வண்டியை நிறுத்தி ஆழம் பார்த்து, மெல்லத் தாண்டினார். வேகம் பிடித்ததும் குழலில் குரல்.

மழையில் பிடிபடவில்லை. நிறுத்தினால் நேரம் போகுமே... இடது கையை எடுத்துக் குழலைக் காதோடு அமுக்கினார்.

"இடத்தோட்டு... இடத்தோட்டு ஒடி."

நேசம்மாள் குரல்தான், இடப்பக்கம் திருப்பச் சொல்லியது. ஆனால் சளி கட்டின மாதிரி. குழலிலிருந்து சேற்று வாடை.

"வழி இல்லியே அம்மா?"

"ஒடி."

வளையம் தானாக இடப்பக்கம் சுழன்றது. ஒற்றைக் கையால் இழுத்தார். வரவில்லை. யாரோ மறுபக்கம் பிடித்து இழுக்கிற பலம்... குழலை விட்டார். இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பிரேக்கைச் சவுட்டினார். வண்டி வழுக்கி, கரை விளிம்பில் நின்றது. முன்சக்கரத்தின் கீழே மண் சரிந்து சானலில் விழுந்தது. பொளக்... பொளக்...

அப்போதுதான் காதில் விழுந்தது, பின்னால் கண்ணாடியை அடிக்கிற சத்தம்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். நேசம்மாளின் விரல்முட்டிகளில் ரத்தம்.

"கொல்லப் பாத்தியா, ரசலையா? எவ்வளவு நேரமாத் தட்டுகேன்!"

"நீங்கதான அம்மா ஒடிக்கச் சொன்னிய?"

"நானா? நான் கொழலத் தொடவே இல்லடே. மவளப் பிடிச்சிட்டுல்லா இருக்கேன்!"

ரசலையன் திரும்பி வந்து ஏறினார். வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். குழலைப் பிய்த்துச் சானலில் எறிந்தார். நாகர்கோவில் வரும்வரை இரண்டு கையும் வளையத்தை விடவில்லை. இடது தோளில் மட்டும் ஒரே குளிர்... மழைச்சாரல் என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. தாய்க்கும் சேதமில்லை. நேசம்மாள் வராந்தாவுக்கு வந்தார்.

"காரை எடுத்துட்டு வீட்டுக்குப் போடே. ஆளுவ காத்துக்கிட்டு இருப்பாவ, சேதி சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது ஆருடே அந்த ஆளு?"

"எந்த ஆளு அம்மா?"

"கலுங்குல நிறுத்தி ஏத்தினியே... தொப்பலா நனைஞ்சவன். உனக்கப் பக்கத்துல இருந்தானே. நீ கொழல எடுத்ததும் அவன் வளையத்தப் பிடிச்சான். அதப் பாத்துத்தான் தட்டுனேன்."

ரசலையனின் கை இடது தோளுக்குப் போனது.

"அம்மா... அவன் எங்க எறங்கினான்?"

நேசம்மாள் வாசலில் நின்ற காரைப் பார்த்தார்.

"எறங்கலியே."