பேசலாம், பதில் சொல்லக் கூடாது

கிறிஸ்துமஸ் இனிப்பான நத்தியாவைக் கிண்டும்போது கரண்டியை ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும், ஐயா. இல்லையென்றால் பாலும் சோளமாவும் கட்டி தட்டிப்போகும். என் தங்கை எடில்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆனாலும் அம்மாவுக்கு அவள் கிண்டியதுதான் பிடிக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபம் தொடங்கும் அன்றே எங்கள் ஊரில் பந்தயமும் தொடங்கிவிடும். சில வீடுகளில் எந்நேரமும் வாயில் துரும்பைக் கவ்விக்கொண்டு திரிவார்கள்; துரும்பில்லாமல் பிடிபட்டவர் தோற்றார். நாங்கள் சகோதரிகள் ஆடுவது 'பேசலாம், பதில் சொல்லக் கூடாது'. எதிராளி என்ன கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது. திறந்தவள், மற்றவள் கேட்கும் பரிசைக் கொடுத்தாக வேண்டும்.

போன வருடம் எடில்மா குளியலறையில் விழுந்ததுபோல் அலறினாள். "என்னடி ஆச்சு?" என்று பதறி ஓடினேன். தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"தோத்துட்டியேக்கா! எடு அந்த வெள்ளிக் கம்மல!"

அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

இந்த வருடமும் அவள் தலைநகர் பொகோட்டாவிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்தாள். குடில் ஜோடிக்கப் பாசி பறிக்க இருவரும் மலைக்குப் போனோம். பாதி வழியில் அவள் பேச்சை எடுத்தாள்.

"பண்டிகை முடிஞ்சதும் அம்மாவ என்கூட பொகோட்டாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் எத்தன நாளைக்குத்தான் ஒத்தையில அல்லாடுவ?"

அக்கறையாகத்தான் கேட்டாள். அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

பள்ளத்தின் விளிம்பில் நல்ல பாசி இருக்கிறது என்று காட்டியது நான்தான். பாறை ஈரமாக இருந்தது. வழுக்கியவள் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினாள்.

"அக்கா, கையக் குடுடி!"

நான் பதில் சொல்லவில்லை. முதலில் சிரித்தாள்.

"சரி, தோத்துட்டேன். என்ன வேணுமோ கேளு!"

நான் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்மா உங்கிட்டயே இருக்கட்டும்க்கா. சத்தியமா!"

நான் கேட்க நினைத்திருந்த பரிசும் அதுதான். ஆனால் அவள் சத்தியத்தை எப்படி நம்புவது, ஐயா? ஒருமுறை ஏமாந்தவள் நான்.

வேர் அறுந்தது. நான் பாசியை நிரப்பிக்கொண்டு இறங்கி வந்து குடிலை முடித்தேன். எடில்மா எங்கே என்று அம்மா கேட்டபோதும் வாய் திறக்கவில்லை.

விளையாட்டு வினையாகிவிட்டது என்று நேற்று காவல் நிலையத்தில் உங்களிடம் சொன்னேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சந்தேகம் நியாயமானதுதான். வேர் அறுவதற்கு முன் அவளும் அதைத்தான் கத்தினாள்.

"ஆட்டம் நாளைக்குத்தானேக்கா ஆரம்பிக்குது!"

உண்மைதான், மறுநாள்தான் முதல் ஜெபம். ஆனால் மறுநாள்வரை பொறுத்திருந்தால் அவள்தான் ஜெயித்திருப்பாள், ஐயா.