ஏழு தப்படி

வெயில் காலத்தில் மவுண்டன் பைக் டயருக்குக் காற்று கொஞ்சம் குறைவாகத்தான் அடிக்க வேண்டும். பாறைச் சூட்டில் அது தானாக ஏறிக்கொள்ளும். உங்கள் பள்ளி கொண்டுவரும் டேவிட்டின் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள், சத்யபிரியா. எங்கிருந்து தொடங்குவது என்று மூன்று நாள் யோசித்துவிட்டு இதிலிருந்தே தொடங்குகிறேன். டேவிட் என்னிடம் முதன்முதலில் பேசியது இதைப் பற்றித்தான். "சார், காத்தக் கொஞ்சம் எறக்கிருங்க. இங்கிட்டு வெயிலு வேற மாதிரி" என்றார்.

ஒரு பக்கத்தில் முடியாது போலிருக்கிறது. நீங்கள் இதை அச்சில் போடுவீர்களா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனாலும் முழுதாகவே எழுதிவிடுகிறேன். அரைகுறையாக வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை.

நான் சென்னையில் பல் மருத்துவர். வயது நாற்பத்து நான்கு. ஒவ்வொரு மே மாதமும் கிளினிக்கைப் பத்து நாள் பூட்டிவிட்டு, கார் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவேன். ஏற்காடு, கொல்லிமலை, சிறுமலை என்று மலைப் பாதைகளில் ஓட்டிவிட்டு, கடைசி மூன்று நாள் திருமயம் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டில் ஒரே ஒரு அறையைத் திறந்து தங்குவேன். என் மனைவி நித்யா, "ஒங்களுக்கு அந்தச் சைக்கிளு ஒண்ணு போதும், நாங்க எதுக்கு" என்று சொல்லிவிட்டு மகளோடு தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். கோபமாகச் சொல்லமாட்டாள். வருடத்தில் அந்தப் பத்து நாள்தான் என்னை யாரும் டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. அதற்காகவே போவேன்.

அந்த மூன்று நாளும் நான் ஓட்டுவது ஒரே இடத்தில்தான். குன்றாண்டார்கோவிலைத் தாண்டிக் கண்மாய்க்கு மேற்கே நீளமாகக் கிடக்கும் மொட்டைப் பாறை. உங்களுக்குத் தெரிந்த இடம். தெரியாதவர்கள் படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். உச்சியிலிருந்து கண்மாய்க்கரைவரை சைக்கிளில் இரண்டு நிமிடச் சரிவு. பாதி வழியில் பாறை கொஞ்சம் மேடேறி இறங்கும். இறங்கியதும் இடது பக்கம் ஒடித்துத் திரும்ப வேண்டும். திரும்பாமல் நேரே போனால் கைவிட்ட கல்குவாரி. பாறையைச் செங்குத்தாக அறுத்தெடுத்த நாற்பதடிப் பள்ளம். உச்சி வெயிலில் பாறை வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைக்கும், விளிம்பு எங்கே என்று கிட்டத்தில் போகும்வரை தெரியாது.

அதற்காக அங்கே ஒரு பச்சைக் கொத்துக் கிடக்கும். ரோட்டில் லாரி பழுதாகி நின்றால் பின்னால் ஒரு மரக்கிளையை ஒடித்துப் போடுவார்களே, அதே போலத்தான். வேப்பங்கொத்து ஒன்று, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல். இலை காய்ந்துவிட்டால் அந்தப் பக்கம் போகிறவர் யாரோ அவர் புதுக் கொத்து ஒடித்துப் போடுவார். பெரும்பாலும் ஆடு மேய்க்கும் மூக்கன்தான் போடுவார். யாரும் யாருக்கும் சொல்லிவைத்த ஏற்பாடில்லை. ஆனால் அந்தக் கொத்தை ஒருவரும் நகர்த்தமாட்டார்கள்.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தங்கள் நேரத்தைப் பதியும் ஆப் ஒன்றில், அந்தச் சரிவுக்கு மூன்று வருடமாக என் நேரம்தான் முதலிடம். இரண்டு நிமிடம் பதினொரு விநாடி. போன வருடம் மார்ச்சில் டேவிட் என்று ஒரு பெயர் அதற்கு மேலே வந்து உட்கார்ந்தது. இரண்டு நிமிடம் நான்கு விநாடி. ஏழு விநாடி என்பது எங்கள் கணக்கில் மிகவும் அதிகம். அன்று ஒரு நோயாளிக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொண்டிருந்தேன். நடுவில் கையைக் கழுவிக்கொண்டு இரண்டு முறை போய் ஃபோனைப் பார்த்தேன்.

மே மாதம் போனபோது ஆப் வழியாகச் செய்தி அனுப்பினேன், பாறைக்கே வந்துவிட்டார். இருபத்தொன்பது வயது. உங்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். திருச்சியில் பழையதாக வாங்கிய சைக்கிள், சட்டகத்தில் ஒரு இடத்தில் வெல்டிங் தெரிந்தது. ஏழு விநாடி எப்படி வந்தது என்று கேட்டேன். நானாக இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். அவர் உடனே சொல்லிவிட்டார்.

"நீங்க மேட்டுலயே பிரேக் புடிக்கிறீங்க சார். புடிக்காதீங்க. மேடு ஏறி எறங்குனதும் கொத்து தெரியும்ல, கண்ண அதுலயே வச்சுக்கங்க. கொத்து முன் வீலுக்கு நேரா வந்ததும் சாஞ்சிருங்க. அம்புட்டுத்தான்."

பாறையில் வேறு அடையாளம் எதுவும் கிடையாது. அவர் திரும்புவது முழுக்க அந்தக் கொத்தை வைத்துத்தான். நான் அன்று நான்கு முறை முயன்றேன். இரண்டு நிமிடம் ஒன்பதுக்குக் கீழே வரவில்லை.

மத்தியானம் ஆவூரில் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். அவர் அம்மா ஞானசெல்வி கோழிக் குழம்பு வைத்திருந்தார். அப்பா இல்லை. வீட்டில் அந்த இரண்டு பேர்தான். என் சைக்கிளை வாசலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்த அம்மா சிரித்தார். "இம்புட்டுப் பெரிய சைக்கிள வச்சுக்கிட்டு இவன்கிட்டயா தம்பி தோத்தீங்க?"

"சும்மா இரும்மா," என்றார் டேவிட். "சார் வயசுக்கு அது பெரிய டைமிங்."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார், அது எனக்குத் தெரியும். இன்னொரு கரண்டி குழம்பு வாங்கிக்கொண்டேன். ருசியாகவே இருந்தது.

சாப்பிட்ட பிறகு டேவிட் கை கழுவப் போன நேரத்தில் அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார். மார்ச் மாதம் டேவிட்டுக்குக் கல்யாணம் முடிவாகி, கோயிலில் இரண்டு ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த பிறகு பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். "ஊரே கேட்டுருச்சு தம்பி. வெளிய காட்டிக்க மாட்டேங்கிறான். இந்தச் சைக்கிளு இருக்கப் போயித்தான் மனுசனா நடமாடுறான். நீங்க வந்தது அவனுக்கு ரொம்ப சந்தோசம்." ஆவூரில் கல்யாண ஓலை வாசித்து நின்றுபோனால் அது பூசைக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் நின்றுபோனது மாதிரி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை நானே காரில் போய் டேவிட்டை ஏற்றிக்கொண்டு வந்தேன். பதினொரு மணி வாக்கில் கடைசியாக ஒரு முறை ஓட்டலாம் என்றேன். நான் முதலில் இறங்கிப் போய்க் கீழே நின்று நேரம் எடுப்பது, நான் ஃபோனில் சொன்னதும் அவர் கிளம்புவது என்று பேச்சு. அவர் சரி என்றார்.

இறங்கும் வழியில், மேடு உச்சியை மறைக்கும் இடத்தில், கொத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கல்லைத் தூக்கி, கொத்தை விளிம்புப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். மேலே அந்தக் கல்லையும் வைத்தேன். எனக்குப் பொறாமை, வேறொன்றுமில்லை. கொத்து தள்ளி இருந்தால் அவர் தாமதமாகத் திரும்புவார், இரண்டு மூன்று விநாடி போகும், ஒரு முறையாவது சாதாரண மனிதரைப் போல ஓட்டிவிட்டு வரட்டும் என்று நினைத்தேன். பிறகு இடது பக்கம் இறங்கிக் கண்மாய்க்கரைக்குப் போய் ஃபோனில் கூப்பிட்டேன். "வாங்க டேவிட்" என்றேன். இரண்டே வார்த்தைதான்.

அவர் வரவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

குவாரிக்குள் லாரி போன பழைய சரிவு வழியாக ஓடினேன். உயிர் இருந்தது. முதுகு போய்விட்டது என்று பார்த்ததும் தெரிந்துகொண்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். அதை அப்படியே எழுதுகிறேன். "கொத்து தள்ளிக் கெடந்துச்சு சார். யாரோ நகட்டிட்டாங்க. எடுத்துச் சரியா வச்சிருங்க சார், பின்னாடி யாராச்சும் வந்துருவாங்க."

நான் போய் வைத்தேன். அவர் கேட்டுக்கொண்டபடிதான் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே ஏறி, கொத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து கல்லை வைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு இறங்கி வந்தபோது மூச்சு நின்றிருந்தது. மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடம் டேவிட் தனியாகக் கிடந்தார். இத்தனையிலும் என்னால் நினைக்கவே முடியாமல் இருப்பது அதைத்தான்.

அதற்குள் சத்தம் கேட்டு மூக்கன் ஓடிவந்தார். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "கொத்து எடத்துலதான்ய்யா கெடக்கு. தெனம் பாக்குற புள்ள, எப்புடிய்யா நேரா போகும்?" போலீசிடமும் அதையே சொன்னார். அவர் சொன்னதில் பொய்யே கிடையாது.

தவறி விழுந்தது என்று எழுதி முடித்தார்கள். ஆனால் ஊர் அப்படி முடிக்கவில்லை. தினமும் ஓட்டுகிற பாதை, கொத்து இடத்திலேயே இருக்கிறது, கல்யாணம் நின்று இரண்டு மாதம். அவனாகத்தான் போய்விட்டான் என்று பேசிக்கொண்டார்கள். யாரும் ஞானசெல்வி அம்மாவிடம் நேராகச் சொல்லவில்லை. சொல்லாமலே அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசைக்கு நான் போயிருந்தேன். கல்லறையில் எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கலைந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கடைசியா நீங்கதானே தம்பி கூட இருந்தீங்க. எம் புள்ள தானா போனானா? ஏதாச்சும் சொன்னானா? எதுன்னாலும் சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன். தெரியாமத்தான் தாங்க முடியல. அவன் ஆத்துமாவுக்கு என்ன சொல்லி வேண்டிக்கிறதுன்னே எனக்குத் தெரியல."

என்னிடம் பதில் இருந்தது, சத்யபிரியா. பின்னால் வருகிறவர்களைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு செத்தவன் சாக நினைத்தவன் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அந்த அம்மா அன்று ராத்திரி தூங்கியிருப்பார். ஆனால் கொத்து தள்ளிக் கிடந்தது என்று சொன்னால், யார் நகர்த்தியது என்ற கேள்வி அடுத்து வரும். அதனால், "ஒண்ணும் சொல்லலம்மா. அன்னைக்குக் காலைல இருந்தே கொஞ்சம் அமைதியா இருந்தாரு" என்றேன்.

அமைதியாக எல்லாம் இல்லை. காரில் வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அடுத்த வருடம் கொல்லிமலைக்குத் தன்னையும் கூட்டிப்போவீர்களா என்று கேட்டார்.

அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அவன் கடைசி நேரத்துல நீங்களாச்சும் பக்கத்துல இருந்தீங்களே" என்று அழுதார். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை ஃபோன் செய்வார். சாப்பிட்டீங்களா தம்பி என்பார், என் மகள் எப்படி இருக்கிறாள் என்பார். நான் எடுத்துப் பேசாமல் இருந்ததில்லை. கிறிஸ்துமசுக்கு அதிரசம் அனுப்பியிருந்தார். நித்யாவும் மகளும் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

ஒரு வருடம் இப்படியே போயிருக்கும். போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. மலரின் முதல் பக்கத்தில் டேவிட்டின் படத்தைப் போட்டு, கீழே, மனம் உடைந்து தவறான முடிவெடுக்காதீர்கள் என்று இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள் போடப்போவதாகவும், அதற்கு அம்மா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். ஆனால் அந்தக் கையெழுத்தை அந்த அம்மா எப்படிப் போட்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டு நாளாகக் கிளினிக்கைத் திறக்கவில்லை.

அதனால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். இதை முதலில் ஆவூருக்குக் கொண்டுபோய் ஞானசெல்வி அம்மாவுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். டேவிட் கடைசியாகச் சொன்னதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். அதன் பிறகு போலீசிடம் கொடுங்கள். நான் எங்கேயும் போகமாட்டேன், முகவரி உங்களிடம் இருக்கிறது. அந்த அம்மா என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டு எழுதிவிட்டு அடித்துவிட்டேன். கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மேலே எழுதியதை இப்போது ஒரு முறை படித்துப் பார்த்தேன். ஒரு இடத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. கொத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன் என்றும், இரண்டு மூன்று விநாடி போகட்டும் என்றுதான் நினைத்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்கள் ஏதோ அந்த நேரத்துப் புத்தி என்று எடுத்துக்கொள்வார்கள்.

கொத்திலிருந்து விளிம்புக்குப் பதினொரு தப்படி. அளந்து வைத்திருந்தேன். முதல் நாள் சாயங்காலம், சாப்பிட்டுவிட்டுப் பாறைக்குத் திரும்பி வந்த பிறகு, டேவிட் மூக்கனோடு புளியமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் கொத்தை நான்கு தப்படி தள்ளி வைத்துவிட்டு, மேலே போய் நானே ஓட்டிப் பார்த்தேன். வெயில் தாழ்ந்து விளிம்பு நன்றாகத் தெரிகிற நேரம், மெதுவாகத்தான் வந்தேன். அப்படியும் விளிம்புக்கு ஒரு முழம் முன்னால்தான் நிற்க முடிந்தது. கொத்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போய் அவர்களோடு உட்கார்ந்தேன்.

மறுநாள் வைத்தது ஏழு தப்படி.