கேட்டவருக்குக் கொடுத்தேன்

நான் யாரையும் காத்திருக்க வைத்ததில்லை. இந்த நூலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காலையில் வந்த கேள்விக்கு மதியத்துக்குள் பதில் போய்விடும். பதில் தெரியாவிட்டால், தெரியவில்லை என்ற பதிலாவது போய்விடும். உங்களையும் காத்திருக்க வைக்க மாட்டேன், மேடம். ஆனால் வரிசையாகத்தான் எனக்குச் சொல்ல வரும். பாதியில் தொடங்கினால் குழம்பிவிடும்.

உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான் என்று புரிகிறது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்த பெண் ஒருத்தி நேற்று மாலை விடுதிக்குத் திரும்பவில்லை. அவளுடைய கணவர் காரில் ஏற்றிப் போனதைக் காவலாளி பார்த்திருக்கிறார். எங்கே கொண்டுபோனார் என்று தெரிய வேண்டும். அவள் ஒளிந்திருந்த இடம் எங்களிடம் மூடி வைத்திருந்த ஒரு கோப்பில் மட்டும்தான் இருந்தது. அது எப்படி வெளியே போனது என்று விசாரிக்க போலீஸ் ஸ்டேஷனிலிருந்து என்னிடம் வந்திருக்கிறீர்கள். அந்தக் கோப்பை எழுதிய பல்கலைக்கழக ஆய்வாளர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறார். உட்காரச் சொல்லுங்கள். நாற்காலி இருக்கிறது.

முதலில் என் வேலை.

இங்கே பேராசிரியர்கள் ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுதுகிறார்கள். ஆய்விதழ்கள் அதை வாங்கிக்கொண்டு, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் காட்டுகின்றன. எழுதியவரே தன் கட்டுரையைத் திறக்க முடியாமல் என் மேசைக்கு வந்து நிற்பார். "நான் பெத்த பிள்ளைய நானே பார்க்க டிக்கெட் எடுக்கணுமா சார்?" என்று ஒரு வேதியியல்காரர் இங்கே நின்று கத்தியிருக்கிறார். நான் அவருடைய ஒப்பந்தத்தைப் படிப்பேன். எந்தப் பிரதியை, எப்போதிலிருந்து, எங்கே பொதுவில் வைக்கலாம் என்று அதில் பொடி எழுத்தில் இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. நான் படிப்பேன். அவருடைய கடைசிக் கைப்பிரதியை வாங்கி, பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்துவிடுவேன். திறந்த அணுகல் என்பார்கள். போலி ஆய்விதழ்களில் போய் விழ இருந்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்கிறேன். எங்கோ ஒரு சிற்றூர் மருத்துவர், நான் திறந்துவிட்ட கட்டுரையைப் படித்து ஒரு குழந்தைக்கு மருந்தை மாற்றினார் என்று கடிதம் வந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

களஞ்சியத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் சிறிய பூட்டுப் படம் இருக்கும். திறந்தது பச்சை. மூடியது சிவப்பு. எனக்குப் பூட்டு சார் என்றே பெயர். பக்கத்து மேசை அம்மாள் நூற்பட்டியல் பிரிவு. "ஊர் பூட்டையெல்லாம் திறக்கிறீங்க, டிபன் டப்பாவைத் திறக்க மட்டும் என்னைக் கூப்பிடுறீங்க" என்பார். நல்ல அம்மாள்.

கைபேசி அடிக்கிறது. எடுங்கள்.

பேருந்து நிலையத்தில் இல்லையா. இருக்க மாட்டார்கள்.

அப்படிப் பார்க்காதீர்கள், மேடம். வரிசையாகத்தான் வருகிறேன்.

அந்த ஆய்வாளர் சமூகவியல் துறை. வீட்டை விட்டு வெளியேறிய பெண்களிடம் பேசி எழுதியிருந்தார். நல்ல கட்டுரை. எந்த இதழுக்கு அனுப்பலாம் என்று என்னிடம்தான் கேட்டார். நான் சொன்ன இடத்தில் வந்தது. முதல் நாளே எல்லோருக்கும் திறந்துவிட்டேன். பத்திரிகைக்காரர்கள் படித்தார்கள். அதில் வந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் போட்டார்கள். 'அவர் வெளிய போறப்ப என் செருப்பையெல்லாம் பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போயிடுவார்.' சொன்னவர் பெயர் இல்லை. ஏழாம் பேச்சாளர் என்று மட்டும்.

கட்டுரைக்கு ஆதாரமான முழுப் பேச்சுகளும் எங்களிடம் வர வேண்டும் என்பது விதி. கொண்டுவந்து கொடுத்தார்.

"சார், இது மட்டும் மூடியே இருக்கணும். பேசினவங்க உயிரு இதுக்குள்ள இருக்கு."

விதியில் அதற்கும் இடம் உண்டு. என் கையாலேயே மூடினேன். அந்தத் துறையின் பக்கம் முழுக்கப் பச்சை, நடுவில் அது ஒன்று சிவப்பு. உறுத்தியது என்று சொல்ல மாட்டேன். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

கோப்பு வந்தால் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஊர், தெரு, வேலை செய்யும் இடம் எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பட்டை போட்டிருந்தார். பட்டை மேலே கிடந்தது, அவ்வளவுதான். எழுத்து அடியில் அப்படியே இருந்தது. பட்டை இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து வேறு பக்கத்தில் ஒட்டினால் எல்லாச் சொல்லும் வந்துவிடும். எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடக்கிற தவறு. சொற்களை அழித்துவிட்டுப் பட்டை போட வேண்டும் என்று ஆண்டுதோறும் வகுப்பு எடுக்கிறேன். அவர் அந்த வகுப்புக்கு வரவில்லை. எனக்குக் கோப்பு வந்த அன்றே தெரிந்துவிட்டது.

சொல்லியிருக்க வேண்டும். தொலைபேசியை எடுத்தேன். அப்போது ஒரு கூட்டம் நினைவுக்கு வந்தது. எல்லாத் தரவுகளும் திறந்திருக்க வேண்டும் என்று நான் பேசி முடித்ததும், அந்த ஆய்வாளர் துறைத்தலைவர்கள் முன்னால் சொன்னார்: "அவருக்கு எல்லாமே ஃபைல்தான். உள்ள ஆள் இருக்கிறது அவர் கண்ணுக்குத் தெரியாது." சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தொலைபேசியை வைத்துவிட்டேன். கோபம் இல்லை. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

பிறகு உட்கார்ந்து எல்லாப் பேச்சுகளையும் படித்தேன். பட்டைகளுக்கு அடியில் இருந்ததையும் சேர்த்து. கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: என் மனைவி என்னுடன் இல்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன், இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தியாக இருப்பாளோ என்று பார்த்தேன். இல்லை. ஒருத்தியின் பேச்சிலும் என் வீடு வரவில்லை. அது எனக்கு ஒரு நிறைவு. சொல்லும்படி ஒன்றும் இல்லாததால்தானே அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சரி, அந்த மனிதருக்கு வருகிறேன்.

மூடிய பதிவுகளுக்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கும். 'பிரதி வேண்டும்.' வாசகர் அதை அழுத்தினால் கோரிக்கை எழுதியவருக்குப் போகும். அவர் சம்மதித்தால் பிரதி கிடைக்கும். அவர் வெளியூரில் இருந்தால் கோரிக்கை என் மேசைக்கு வரும், முடிவு என்னுடையது. கட்டுரைகளுக்காக வைத்த ஏற்பாடு. இந்தப் பதிவிலிருந்து அந்தப் பொத்தானை எடுத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. எடுக்கவில்லை.

போன வாரம் ஆய்வாளர் கள வேலைக்குப் போயிருந்தார். கைபேசி எட்டாத இடம். அந்த மனிதர் நேரிலேயே வந்துவிட்டார். தேய்த்த சட்டை. உள்ளே நுழையும்போதே கைபேசியை மௌனமாக்கினார். எங்கள் பேராசிரியர்கள் ஒருவரும் அதைச் செய்வதில்லை.

"பேப்பர்ல செருப்புன்னு போட்டிருந்தாங்களே சார், அது நான்தான்."

நூலகத்தில் வாசகரிடம் ஏன் என்று கேட்பதில்லை. அவர் கேட்காமலே சொன்னார். ஆகவே, அவர் யாரென்று எனக்குத் தெரியுமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில், தெரியும்.

"அவகிட்ட நாலு வார்த்தை பேசணும் சார். வேற ஒண்ணும் இல்ல. சொல்லாம கொள்ளாம போயிட்டா, மனுஷன் என்னன்னு நினைப்பான்?"

அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது. சம்மதம் என்ற இடத்தில் அழுத்தினேன்.

வாசகர்களுக்கான கணினியில் கோப்பைத் திறந்தார். ஏழாம் பேச்சாளர் வரை வந்து நின்றார். முகம் விழுந்துவிட்டது.

"என்ன சார் இது, மை பூசி வச்சிருக்காங்க?"

எந்த வாசகருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன். "கறுப்பா இருக்கிற எடத்த செலக்ட் பண்ணி, காப்பி பண்ணி, வேற பக்கத்துல ஒட்டிப் பாருங்க." அவருக்குச் சுட்டியைப் பிடிக்கத் தெரியவில்லை. அவர் கைமேல் என் கையை வைத்து நகர்த்தினேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடம் என்று வந்தது. விடுதியின் பெயர் வந்தது. எந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே வருவாள் என்பதும் வந்தது. அவர் கை சூடாக இருந்தது.

"ரொம்ப நன்றி சார். இதுவரைக்கும் எனக்கு யாரும் இவ்வளவு பொறுமையா சொல்லிக்குடுத்ததில்ல."

இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்ததற்கு அப்படி ஒரு வார்த்தை போதும் என்று தோன்றியது.

எழுந்துவிட்டீர்கள். மேசையைத் தட்டினால் எனக்கு வேகமாகச் சொல்ல வராது.

"யோவ், அவ எங்கய்யா? அதச் சொல்லு மொதல்ல."

இதுவரைக்கும் சார் என்று கூப்பிட்டீர்கள். பரவாயில்லை. உங்களுக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியவர்கள் இருப்பார்கள்.

ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். வாசகர் யார், எதைக் கேட்டார், எதற்காகக் கேட்டார் என்பதை நூலகம் வெளியே சொல்லாது. அது எங்கள் தொழிலின் மானம். அதனால்தான் காலையிலிருந்து நீங்கள் கேட்டபோது தயங்கினேன். சிரிக்கிறீர்கள். சிரிக்கும்படி ஒன்றும் நான் சொல்லவில்லை. மற்றவர்களுடைய ரகசியத்தைக் காப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதைச் செய்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் இதற்குப் பின் நடந்தது நூலகத்தில் நடக்கவில்லை. எனவே சொல்லலாம்.

முந்தாநாள் நான் வீட்டுக்குப் போகும் வழியில் அவர் மறுபடியும் வந்தார். முகத்தில் நகக்கீறல். அவளைப் பார்த்துவிட்டாராம். அந்தப் பக்கக் கதவருகே பேசப் போனபோது அவள் கத்தி, ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"ரோட்டுல வச்சுப் பேச முடியாது சார். நாலு பேரு வந்துடுறான். அமைதியா ஒரு எடம் கெடச்சா, ஒரே நாள்ல பேசி முடிச்சிடுவேன்."

என் வீட்டில் பின்னறை சும்மாதான் கிடக்கிறது. என் மனைவி தையல் இயந்திரம் போட்டிருந்த அறை. ஜன்னல் மதில் சுவரைப் பார்த்து இருக்கும், சத்தம் வெளியே போகாது. அந்த அறையைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். கேட்டதை மட்டும் கொடுப்பவன் குமாஸ்தா. வாசகருக்கு அடுத்து என்ன தேவைப்படும் என்று யோசிப்பவன்தான் நூலகன்.

நேற்று மாலை கூட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தது நான். அவளை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். எழுத்தில் படித்ததைவிடச் சின்ன உருவம். கையில் சோப்புத் தண்ணீர் அரித்த தழும்புகள். என் கழுத்தில் இந்த அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது போலிருந்தது.

"அண்ணா, நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்கண்ணா இவர்கிட்ட."

சொன்னேன். பொறுமையாகப் பேசுங்கள் என்று இரண்டு பேருக்குமே சொன்னேன். அவர்கள் பின்னறைக்குப் போனார்கள். நான் அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபோது அவள் திரும்பினாள்.

"கதவைச் சாத்தாதீங்கண்ணா."

சாத்தினேன். புருஷன் பெண்டாட்டி பேசுவது மற்றவர் காதில் விழக் கூடாது. எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவைக்க முடியாது, மேடம். அது எனக்கும் தெரியும். அந்த ஆய்வாளர் நினைத்ததுபோல் எனக்கு விவரம் தெரியாமல் இல்லை.

கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. அவள் என்னைத்தான் கூப்பிட்டாள், அண்ணா அண்ணா என்று. நடுவில் போவது முறையில்லை. வானொலியை வைத்துக்கொண்டேன்.

விலாசம் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் நீர்த்தொட்டி, அதை ஒட்டிய சந்தில் கடைசி வீடு. நடந்தே போகலாம். சாவி இது. பெரியது வாசலுக்கு, சிறியது பின்னறைக்கு. பின்னறையை அவர் உள்ளிருந்து தாழ் போட்டிருப்பார், தட்டினால் போதும்.

ஓட வேண்டாம். நான் காலையில் கிளம்பும்போது ஒரு சத்தமும் இல்லை. பேசி முடித்து, சமாதானமாகித் தூங்குகிறார்கள் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. கதவுக்கு வெளியே இரண்டு தம்ளர் தேநீர் வைத்து, தட்டால் மூடிவிட்டு, நேரத்துக்கு வேலைக்கு வந்துவிட்டேன்.