போறப்ப பக்கம், வாரப்ப தூரம்

"துபாய் போறப்ப பக்கந்தான் மல்லிகா. வாரப்பத்தான் தூரம்."

முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது. அறந்தாங்கியில் ஏறியவர். துபாயிலிருந்து வரும் கணவரை அழைத்துவர நாத்தனாரோடு திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகிறார் என்பது, புதுக்கோட்டை வருவதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்திருந்தது.

"அதெப்படி அண்ணி?"

"ஒங்கண்ணன் இங்க ஏழு மணிக்கு ஏறுனா ஒம்பதரைக்கு அங்க எறங்கிருறாரு. ரெண்டரை மணி நேரம். வாரப்ப மட்டும் அஞ்சரை மணி நேரம் ஆகுது."

"ஐயோ அண்ணி, அங்க கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி இருக்கும். போனாலும் வந்தாலும் நாலு மணி நேரந்தான்."

"கடிகாரமாவது ஒண்ணாவது! போறப்ப ஒரு ஊறுகாய் பாட்டிலோட போறாரு. வாரப்ப கோடாலித் தைலம், போர்வை, பால்மாவு, தெருவுக்கே சோப்பு. அம்புட்டையும் பிளேன்தான சொமக்கணும்?"

மல்லிகாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. கீரனூர் தாண்டியதும் அண்ணிக்கு போன் வந்தது.

"என்னது, எறங்கிட்டீங்களா? அரைமணி நேரம் முன்னாடியேவா? ... பெட்டி வரலையா? எல்லாம் அங்கயே நின்னுபோச்சா?"

மல்லிகாவின் விக்கல் நின்றது. அண்ணி போனைக் கையால் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"பாத்தியா மல்லிகா! சொமை இல்லன்னதும் எம்புட்டு வெரசா வந்துருச்சு!"