முகம் தெரியும் தரை

பார்த்து வாருங்கள் சார், தரை வழுக்கும். சோபாவிலேயே உட்காருங்கள். நான் டீ போடுவது அங்கிருந்தே தெரியும். இந்த வீட்டில் ஒருத்தருக்கு விஷம் வைக்கக்கூட மறைவில்லை.

என் வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணனின் யோசனை அது. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது, சென்னையில் தன் தம்பி ஃபிளாட்டைப் பார்த்துவிட்டு வந்து, ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் சுவரே வேண்டாம் என்றார். ஒரு கிரானைட் மேடை போதுமாம். நான் கருவாடு வறுத்தால் வந்தவர்கள் வாசனையைச் சட்டையில் சுமந்துகொண்டு போவார்கள். மூக்கைச் சிந்தினாலும் உத்திரமேரூருக்கே தெரியும். ஒரே ஒரு சுவர் கேட்டேன்.

"இன்னாத்துக்குடி சுவுரு? வூட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்றார். கொத்தனாரும் சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, கூலி கொடுக்கிறவர் ஜோக்குக்குச் சிரிக்கத்தான் வேண்டும்.

பெயின்ட்டுக்குச் சந்தன நிறம் சொன்னேன். அவர் கிளிப்பச்சை, ஆரஞ்சு, கத்திரிப்பூ என்று அடித்தார். பாருங்கள், எல்லாக் கட்சியும் கூட்டணி வைத்த மாதிரி இருக்கிறது. தரையோ, குனிந்தால் முகம் தெரிய வேண்டுமாம். கழனிச் சேற்றுக் காலோடு உள்ளே வருகிற மனுஷர். அந்த முகத்தைக் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், தரையில் வேறு பார்க்க எனக்கு ஆசையில்லை.

அந்தச் சமயத்தில்தான் தென்னேரியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். முதலில் பசுமாட்டை வீட்டுக்குள் ஏற்றுவார்களே, பளபளக்கும் தரையில் அதற்கு நாலு காலும் நாலு பக்கம் போயிற்று. கயிறு பிடித்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மாட்டுக்காரர் எல்லப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "கோணி போடாம ஏத்தாதீங்கோன்னு தொண்டை கிழியச் சொன்னேன். டைல்ஸ்ல குளம்பு நிக்காதுபா!"

நான் குனிந்து அந்தத் தரையைத் தடவிப் பார்த்தேன். நல்ல தரை.

காஞ்சிபுரம் கடையில் அதே டைல்ஸைக் கேட்டு எடுத்தேன். அவருக்கு வாயெல்லாம் பல். "இப்பத்தான் உனுக்கு டேஸ்ட்டே வந்து கீது" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அன்றைக்குத்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கள் கிரகப்பிரவேசத்துக்கும் எல்லப்பன் மாடுதான், செவலை. "வாசல்லேர்ந்து அடுப்பு வரைக்கும் போட்டுடுக்கா" என்று கோணிகளைக் கொடுத்தார். போட்டேன். முன்பே சொல்லிவைத்தபடி, வீடியோவுக்காக என் வீட்டுக்காரரே கயிற்றைப் பிடித்தார், பட்டு வேட்டியில், கேமராவைப் பார்த்து இளித்துக்கொண்டு. மேடைக்குப் பக்கத்தில் கோணி நழுவியது. அவர் தலை கிரானைட் முனையில் பட்டது, மாடு அவர் மேல் விழுந்தது. அங்கே சுவர் இருந்திருந்தால் சாய்ந்து நின்றிருப்பார். பாவம்.

விபத்து என்று நீங்களும் எஃப்.ஐ.ஆரில் எழுதிவிட்டீர்கள். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் ஊரில் செவலையை ஆள்கொல்லி மாடு என்கிறார்கள். அதை இன்றைக்கு அடிமாட்டுக்கு அனுப்பப் போகிறார் எல்லப்பன். "இன்னா பண்றதுக்கா, எமன் ஏறுன மாடுன்றாங்கோ" என்று என்னிடம் அழுதார். எமன் ஏறுவது எருமையில்தானே சார், இந்த விவரம்கூடத் தெரியாத ஜனங்கள். அது சினைமாடு வேறு. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் உங்களுக்குப் போன் பண்ணினேன்.

எழுதிக்கொள்ளுங்கள். மேடையோரத்துக் கோணிக்கு அடியில் விளக்கெண்ணெய் ஊற்றியவள் நான். முந்தின நாளே மேடையைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன், அருமையாக வழுக்கியது. செவலைக்கு அடிபடாது என்று எனக்குத் தெரியும். அடியில்தான் அவர் இருப்பாரே.

எல்லப்பனுக்கு முதலில் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், வண்டி வந்துவிடப் போகிறது. வாயில்லா ஜீவன் சார். நான் யாருக்கும் மனசாலும் கெடுதல் நினைத்தவளில்லை. அவர் மேல்கூட எனக்குத் துளி கோபம் கிடையாது.

டீயைக் குடியுங்கள், ஆறுகிறது. வாசலில் கொத்தனார் வந்து நிற்கிறார். சுவர் எங்கே எழும்ப வேண்டும் என்று காட்டிவிட்டு வருகிறேன், அப்புறம் போகலாம்.