ஆனந்தன் எழுந்து நடக்கிற வரைக்கும்

— அப்பிடியே சேரோட தூக்கி டிராக்டர்ல வெச்சிடலாம் தேவயானி. உன் வூட்டுக்காரரு கிரவுண்டு ஓரமா கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா போதும். மேட்ச் முடிஞ்சதும் நானே கொண்டாந்து வுட்டுடறேன், இன்னான்ற?

— போன பொங்கலுக்கும் இதத்தான் சொன்னீங்க காசிண்ணா. வெயில்ல உக்கார வெச்சிட்டு நீங்க பாட்டுக்கு மைக்க புடிச்சிக்கினீங்க.

— இந்த வாட்டி பந்தலு போடறேம்மா. கபடி கமிட்டி தலைவரு நானே சொல்றேன். ஈ ஓட்டறதுக்கு தோ, பாண்டியன் பக்கத்துலயே நிப்பான். அடிபட்டவன் சேர்ல, அடிச்சவன் பின்னால. தாமல் டீமோ காவாந்தண்டலம் டீமோ, எவனா இருந்தாலும் இவங்க ரெண்டு பேரையும் பாத்துட்டுத்தான் கோட்டுக்குள்ள எறங்கணும். அப்புறம் எவனுக்குனா முட்டி தலைகிட்ட போவுமா?

— தலைவரே, நான் ஒரு வார்த்த பேசலாமா?

— நீ மொதல்ல ஆனந்தன் வாயத் தொடப்பா பாண்டியா. எச்சி வடியுது பாரு.

— தொடச்சிட்டேன். ரெண்டு வருசமா அதத்தான் செய்றேன். காலைல கிரஷர்ல இவரு எடத்துல நின்னு ஜல்லி லோடு ஏத்தறேன், கூலிய கொண்டாந்து இந்தக்கா கைல குடுக்கறேன், சாயங்காலம் இவர குளிப்பாட்டறேன். எங்கம்மாவுக்குக் கூட நான் இவ்ளோ செஞ்சது இல்ல.

— கமிட்டி ரூலுடா அது. விழுந்தவன் பொடனில முட்டிய எறக்கனது யாரு, நானா?

— ஏழு பேரு மேல விழுந்தாங்க தலைவரே. அந்த நெரிசல்ல...

— அந்த நெரிசல்ல உன் முட்டிக்கு மட்டும் அவன் தல தெரிஞ்சிதா? நான் கோட்டுகிட்ட தான் நின்னுக்கினு இருந்தேன். ஆனந்தன் செத்த மாதிரி கெடக்கறான், நீ தொடையத் தட்டிக்கினு போற. அந்தத் தொடையத் தான் நான் ஜல்லி தூக்க வுட்டேன்.

— தப்பு தான். இல்லன்னு சொல்லல. அதுக்கு அபராதம் போட்டிருக்கலாமே?

— போட்டுப் பாத்துட்டுத்தான வுட்டோம். அபராதம் கட்றதுக்குன்னே ஒருத்தன் துட்டோட வந்து உக்காருவான். அவன் கட்டுவான், இவன் மண்டைய ஒடைப்பான். ஒரு வருசம் ஆடக் கூடாதுன்னோம், பேர மாத்திக்கினு வேற ஊரு டீம்ல எறங்கனானுங்க. அப்புறம் தான் இந்த ரூலு. தலைல அடிச்சவன், அடிபட்டவன் எய்ந்து நடக்கற வரைக்கும் அவன் வேலைய செய்யணும், கூலி அவன் வூட்டுக்கு, அது வரைக்கும் கோட்டுல கால் வைக்கக் கூடாது. உன் ஒருத்தனத் தான் புடிச்சோம். அன்னைலேர்ந்து நம்ம பக்கம் ஒரு மண்ட ஒடைஞ்சிதா, சொல்லு பாக்கலாம்.

— ஒடைல. அதுக்குத்தான் கேக்கறேன், எல்லாருக்கும் புத்தி வந்துடுச்சி இல்ல, என்ன வுட்டுடுங்க. மெட்ராஸ்ல ஒரு கம்பெனி டீமுக்கு ஆளு எடுக்கறாங்க தலைவரே. சம்பளம், தங்க எடம் எல்லாம் உண்டு. வர்ற ஆடி மாசம் செலக்‌ஷன். இத்த வுட்டா எனக்கு வயசு தாண்டிடும்.

— உன்ன வுட்டா புத்தியும் உன் கூடவே போய்டும்டா. அதான் மேட்டரு.

— அப்ப ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. இவரு அன்னைக்கே கோட்டுல செத்திருந்தா எனக்கு இன்னா தண்டன?

— இன்னாடா கேள்வி இது?

— சொல்லுங்க.

— காரியம் முடியற வரைக்கும் செலவு உன்னுது. அப்புறம்... அப்புறம் இன்னா, செத்தவனுக்கு ஏது வேல, நீ போவ வேண்டியது தான்.

— ஆக, அடிச்சது என் தப்பு இல்ல. அரகொறயா அடிச்சது தான் தப்பு.

— டேய், வாயக் கழுவு. பொண்டாட்டிய பக்கத்துல வெச்சிக்கினு பேசற பேச்சா இது? இத்த வேற எவன் கிட்டயும் சொல்லிக்கினு திரியாத. நாளைக்கே எவனுக்குனா யோசன போவும்.

— பேசட்டும் வுடுங்கண்ணா. எனக்கு ஒண்ணும் காது கூசல.

— சரிம்மா தேவயானி, நீயே ஒரு முடிவு சொல்லு. நாளைக்கு ஊருல ஒருத்தரும் காசி கல்லு மனசுக்காரன்னு சொல்லக் கூடாது. உன் புருசன் தலைக்கு நடந்ததுக்கு இது போதும், எனக்கு மனசு ஆறிடுச்சின்னு நீ ஒரு வார்த்த சொன்னா இவன வுட்டுடறேன்.

— யக்கா, உன் கால புடிச்சிக்கறேன்.

— கால வுடு பாண்டியா. ஆறல காசிண்ணா. ரூலு இன்னாவோ அதுவே இருக்கட்டும். அவரு எய்ந்து நடக்கட்டும், அன்னைக்கு இவன் போவட்டும்.

— கேட்டியாடா? அவ்ளோ தான். தேவயானி, பொங்கலு முடிஞ்ச மறுநாளு டிராக்டர் வரும். ஆனந்தனுக்கு அன்னைக்கு ஆடனப்ப போட்டிருந்த செவப்பு பனியனையே போட்டு வுடு, அப்பதான் ஆளு அடையாளம் தெரியும். நான் வர்றேன்.

— போய்ட்டாரு. இப்ப நான் ஒண்ணு சொல்றேன்க்கா, கேளு. நேத்து நான் கிரஷருக்குப் போவல.

— கூலி குடுத்தியே.

— கடன் வாங்கிக் குடுத்தேன். நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஆனந்தண்ணன பாத்த டாக்டர் இன்னும் அங்க தான் கீறாரு. அந்த ஆளா, இந்நேரம் நடந்திருக்கணுமேன்றாரு. மாசா மாசம் கூட்டினு வா, கை கால புடிச்சி நடக்க வுடு, மாத்திரய நிறுத்தாதன்னு அவன் பொண்டாட்டி கிட்ட படிச்சிப் படிச்சி சொன்னேன், ஒரு வாட்டி கூட வரலன்றாரு.

— ஆமா. போவல.

— இன்னாக்கா, இவ்ளோ லேசா சொல்ற? பஸ்ஸு செலவுக்கு இல்லன்னா என் கிட்ட கேட்டிருக்கலாமே. முதுவுல தூக்கினு போயிருப்பனே.

— தூக்கினு போவேன்னு தெரிஞ்சி தான் உன் கிட்ட சொல்லல.

— என் கூலிக்காவவா? ஒருத்தன் கூலிக்காவ புருசனையே படுக்க வெச்சிருப்பியா நீ?

— கிட்ட வா. வெக்கப்படாத, வந்து என் தலயத் தொடு. காதுக்கு மேல. தெரியுதா?

— பள்ளமா கீது.

— அம்மிக் கொழவி. பின்னால தொடு. அது செவுரு. நெத்திக்கு மேல முடி மொளைக்காத எடம், அது சைக்கிள் செயினு. உன் ஆனந்தண்ணன் கோட்டுக்குள்ள எவனயும் தலைல அடிச்சது இல்ல, நல்ல ஆட்டக்காரருன்னு கப்பு கூட குடுத்தாங்க. கப்பு வாங்கினு வந்த அன்னைக்குத்தான் செவுரு.

— எனக்குத் தெரியாதுக்கா.

— காசிண்ணனுக்குத் தெரியும். ரத்தத்தோட அவரு வூட்டு வாசல்ல போய் நின்னேன். அண்ணா, கபடிக்கு ரூலு போடறீங்களே, எனக்கும் ஒண்ணு போடுங்கன்னேன். இன்னா சொன்னாரு தெரியுமா? வூட்டுக்குள்ள நடக்கறதுக்கு நாங்க கோடு கிழிக்க முடியாதும்மா, அனுசரிச்சிக்கினு போன்னாரு. போலீசும் அதத்தான் சொன்னான். எங்கப்பா கூட்டினு வந்து திரும்ப வுட்டுட்டு, டீ குடிச்சிட்டுப் போனாரு. ஒருத்தராலயும் நிறுத்த முடியாதத உன் முட்டி நிறுத்திச்சி பாண்டியா.

— அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? உன்ன அடிச்சது நான் இல்லியே. என் பொயப்பு தான போவுது.

— போவட்டும்.

— இப்பவே போய் தலைவர் கிட்ட சொல்றேன்.

— சொல்லு. அவருக்கு பொங்கலுக்கு சேர்ல உக்கார வெக்க ஆளு வேணும். எய்ந்து நடக்கற ஆனந்தன வெச்சிக்கினு யார பயமுறுத்துவாரு? உன்னயே பொய்யின்னுவாரு.

— தூக்கினு போயிடுவேன்க்கா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவேன்.

— போ. ஆறு மாசத்துல நடப்பாரு, டாக்டர் சொன்னது நெசம் தான். உன் தண்டன முடிஞ்சிடும், நீ மெட்ராஸ் போய்டுவ. அன்னைக்கு ராத்திரி இந்த வூட்டுல நான் இருப்பேன், அவரு இருப்பாரு. அத்த மட்டும் நெனச்சிப் பாத்துட்டு அப்புறமா தூக்கு.

— மெதுவா பேசுக்கா. அண்ணன் முழிச்சிக்கினு கீது. ஒரு வேள காதுல வியுந்துடப் போவுது.

— வியட்டும். அவருக்கு வாயும் காலும் தான் போச்சி, காதும் புத்தியும் அப்பிடியே தான் கீது. தெனம் கஞ்சி ஊட்டறப்ப, உன் கிட்ட சொன்ன இத்தினியையும் அவரு கிட்ட சொல்லிட்டுத்தான் ஊட்டுறேன்.